விலகிய இயக்குநர் பேசக்கூடியவை

மருத்துவமனையில் என்னோடு வேலை பார்த்த டாக்டர் ஒருவர் பிற்காலத்தில் தாதிமை இல்லங்கள் நடத்தும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். முதியவர்களும் பக்கவாதம் வந்து படுத்துவிட்டவர்களும் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லங்கள். ஓர் இல்லம் பலவாகப் பெருகி, நிறுவனம் பங்குச் சந்தைக்கும் போனது. நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“சிஸ்டர், எங்க போர்டுல எல்லாரும் அக்கவுண்டண்டா இருக்காங்க, இல்லன்னா லாயரா இருக்காங்க. வார்டுல நின்னு வேலை பார்த்தவங்க ஒருத்தராவது வேணும். வர்றீங்களா?”

தலைமைத் தாதியைச் சிஸ்டர் என்று கூப்பிடுவது எங்கள் காலத்து மருத்துவமனை வழக்கம். நான் வெள்ளைச் சீருடையைக் கழற்றிப் பல ஆண்டுகளான பிறகும் அவர் அதை விடவில்லை. நானும் அவரை டாக்டர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

சுயேச்சை இயக்குநர் என்பது பதவியின் பெயர். நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யாதவர், அதன் உரிமையாளர்களுக்கு உறவில்லாதவர், வெளியிலிருந்து வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பவர். ஆண்டுக்குச் சில கூட்டங்கள். கூட்டத்துக்கு முன்பாகத் தடிமனான கோப்பு ஒன்று கணினிக்கு வரும். அதைப் படிக்க வேண்டும். என் தங்கை இதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, தீவின் கிழக்கே பாசிர் ரிஸ்ஸில் தன் அடுக்குமாடி புளோக்கில் இருந்தவர்களிடமெல்லாம் அக்கா கம்பெனி டைரக்டர் ஆகிவிட்டாள் என்று சொல்லிவைத்தாள். கொஞ்ச காலம் எனக்கு யார் யாரோ தங்கள் பிள்ளைகளின் வேலை விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எண்கள் நிறைந்த பக்கங்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கீழே விழுந்தவர்கள், படுக்கைப்புண் வந்தவர்கள், மருத்துவமனைக்குத் திரும்ப அனுப்பப்பட்டவர்கள் பற்றிய பக்கங்களுக்கு வந்ததும் டாக்டர் என் பக்கம் திரும்புவார். நான் கேட்பேன். நிர்வாகிகள் பதில் தருவார்கள். பெரும்பாலும் நல்ல பதில்களாகவே இருக்கும். இல்லங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பேன். சுத்தமாக வைத்திருந்தார்கள். பராமரிப்பு உதவியாளர்கள் அன்பானவர்கள். இதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு அந்தத் திட்டம் வந்தது. அதுவரை இரவு நேரங்களில் ஒவ்வொரு மாடியிலும் தகுதி பெற்ற தாதி ஒருவர் இருப்பார், அவருக்குக் கீழே உதவியாளர்கள் இருப்பார்கள். இனி இரண்டு மாடிக்கு ஒரு தாதி போதும். படுக்கைகளில் உணர்கருவி பொருத்திவிடலாம். நோயாளி எழுந்தாலோ அசையாமல் கிடந்தாலோ மேசையில் மணி அடிக்கும். இதுதான் திட்டம். விதிகளுக்கு உட்பட்டது. தாதியர் கிடைப்பதில்லை, கிடைத்தவர்கள் சில ஆண்டுகளில் வேறு நாடுகளுக்குப் போய்விடுகிறார்கள், இருக்கிறவர்களைக் கசக்கிப் பிழிய முடியாது என்று நிர்வாகம் சொன்னதும் உண்மைதான்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. விழுங்கச் சிரமப்படுகிற நோயாளிக்குப் புரையேறினால் அந்தக் கருவிக்குத் தெரியாது. அவர் அசைந்துகொண்டுதான் இருப்பார். எச்சிலை உறிஞ்சி எடுக்கத் தெரிந்த ஆள் அந்த மாடியிலேயே இருக்க வேண்டும், அடுத்த மாடியிலிருந்து படியேறி வரக்கூடாது. முதலில் ஏதாவது ஓர் இல்லத்தில் மட்டும் சில மாதம் சோதித்துப் பாருங்கள் என்றேன். இரண்டு கூட்டங்களில் பேசினோம். மூன்றாவதில் முடிவெடுத்தார்கள். எல்லோரும் ஆதரவு, நான் மட்டும் எதிர்ப்பு. கூட்டக் குறிப்பில் அதைப் பதியச் சொன்னேன், பதிந்தார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. அடுத்த விஷயம் ஓர் இல்லத்தின் கூரைப் பழுதைப் பற்றியது. அதிலும் நான் கலந்துகொண்டு கருத்துச் சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் விலகுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை டாக்டரை அழைத்தேன்.

“ஒரு விஷயத்துல தோத்துட்டா வெளிய போயிடறதா சிஸ்டர்? உள்ள இருந்தீங்கன்னா நாளைக்கு அதையே திருத்தலாம். வெளிய போனா யாரு கேட்பா?”

“அது சரிதான் டாக்டர். ஆனா போர்டுல நான் ஒருத்திதான் நர்ஸ். ஆண்டறிக்கையில என் படம் இருக்கு, அதுக்குக் கீழ என் அனுபவம் எல்லாம் போட்டிருக்கு. அதைப் பார்க்கிறவங்க, ஒரு நர்ஸ் இதைப் பார்த்து சரின்னு சொல்லியிருக்காங்கன்னுதானே நினைப்பாங்க?”

அவர், “காரணம் என்னன்னு போடுறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் அடுத்த சில வாரங்களை எடுத்துக்கொண்டது.

என்னோடு பயிற்சி பெற்ற தோழி ஒருத்தியின் மகன் வழக்கறிஞர். ஆற்றங்கரைப் பக்கம் ஓர் உயரமான கட்டடத்தில் அலுவலகம். அவனிடம் போய், விலகிய பிறகு நான் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று கேட்டேன். அவன் தொழிலில் இதைப் பலருக்கும் சொல்லியிருப்பான் போல, தடுமாறாமல் சொன்னான்.

“ஆன்ட்டி, நீங்க என்ன நினைச்சீங்கன்னு சொல்லலாம். நீங்க ஒத்துக்கலன்னு சொல்லலாம். அதுக்காகத்தான் வெளிய வந்தேன்னும் சொல்லலாம். ஆனா ரூம்ல மத்தவங்க என்ன பேசினாங்கன்னு சொல்லக்கூடாது. கம்பெனி பேப்பர்ல படிச்சதையும் சொல்லக்கூடாது. ரிசைன் பண்ணிட்டா அந்தக் கடமை போயிடாது. அது உங்ககூடவே வரும்.”

“உண்மையா இருந்தாலுமா?”

“உண்மையா இருக்கறதாலதான் பிரச்சனையே. பொய் சொன்னா அது வேற கேஸ்.”

“சட்டத்தை மீறியிருந்தா?”

“அப்படின்னா சுகாதார அமைச்சுக்கு நீங்களே போய்ச் சொல்லலாம், சொல்லவும் வேணும். பங்குச் சந்தைக்காரங்க கூப்பிட்டுக் கேட்டாலும் எல்லாத்தையும் சொல்லலாம். ஆனா இங்க மீறல் ஒண்ணும் இல்லையே, ஆன்ட்டி. நீங்க ஒரு மாதிரி நினைக்கிறீங்க, அவங்க ஒரு மாதிரி நினைக்கிறாங்க. அவ்வளவுதான்.”

எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னான். “எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஒரு வார்த்தை அதிகமா சொல்லிட்டாக்கூட ஏதாவது பண்ணலாம். ஒருத்தருக்கு மட்டும் தனியா சொல்லிடாதீங்க. அதுதான் ரொம்ப மோசம்.” பங்கு வாங்குகிற, விற்கிறவர்களை நினைத்து அவன் அதைச் சொன்னான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இயக்குநர் ஒருவர் விலகினால் நிறுவனம் அதைப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பில் சில கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும்: விலகுவதன் காரணம் என்ன, மற்ற இயக்குநர்களோடு தீராத கருத்து வேறுபாடு உண்டா, பங்குதாரர்கள் அறிய வேண்டியது ஏதாவது உண்டா. நிறுவனச் செயலாளர் ஒரு சீனப் பெண், முப்பதுகளின் நடுவில் இருப்பவர், வேலையில் நறுக்கென்று இருப்பார். அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய முதல் வரைவில், சொந்த அலுவல்களைக் கவனிப்பதற்காக நான் விலகுவதாகவும் கருத்து வேறுபாடு ஏதும் இல்லை என்றும் இருந்தது.

எனக்கு முன்னால் அந்த இயக்குநர் சபையிலிருந்து ஒருவர் விலகியபோதும் இதே சொற்கள்தான். சொந்தக் காரணம் என்றதும் அவருக்குப் புற்றுநோய் என்று பேச்சு அடிபட்டது. நான் பழக்கூடை ஒன்று வாங்கி அவர் வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து நீர்த்தேக்கப் பூங்காவில் அவரைப் பார்த்தேன். என்னைவிட வேகமாக நடந்துகொண்டிருந்தார். பழத்துக்கு நன்றி சொன்னார். மாம்பழம் நன்றாக இருந்ததாம். ஏன் விலகினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செயலாளரைக் கூப்பிட்டு, எனக்குச் சொந்த அலுவல் எதுவும் இல்லை, இருந்தாலும் அது காரணம் இல்லை என்றேன். பிழையாக நினைத்துக்கொள்ள வேண்டாம், எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள், விலகுகிறவர்களே இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். நான் கேட்கவில்லையே என்றேன். சரி, நீங்களே எழுதி அனுப்புங்கள் என்றார்.

நான் இரண்டு வாக்கியம் எழுதினேன். தாதியர் ஏற்பாடு குறித்துச் சபையின் பெரும்பான்மை முடிவோடு நான் உடன்படவில்லை, அதனால் விலகுகிறேன் என்பது முதல் வாக்கியம். இந்த மாற்றம் நோயாளிகளின் பாதுகாப்பைக் குறைக்கும் என்பது என் கருத்து என்பது இரண்டாவது.

அன்று சாயங்காலமே டாக்டர் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

“முதல் வரி இருக்கட்டும். ரெண்டாவதை எடுத்துடுங்க சிஸ்டர். எந்த மாற்றம்னு இன்னும் நாங்க யார்கிட்டயும் சொல்லல. ஸ்டாஃப்க்கே சொல்லல. நீங்க ‘இந்த மாற்றம்’னு போட்டா என்ன ஏதுன்னு நாளைக்கே எல்லாரும் கிளம்பிடுவாங்க.”

“கிளம்பட்டுமே.”

“அங்க இருக்கிறவங்க வயசானவங்க. அவங்க வீட்டுக்காரங்க பயந்துட்டா? அந்தப் பயத்துக்கு யாரு பொறுப்பு? நீங்க வெளிய போயிடுவீங்க.”

அது நியாயமான கேள்விதான். வழக்கறிஞனிடம் கேட்டேன். அவனும் இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுங்கள் என்றான். கருத்து என்னுடையதுதான், ஆனால் அந்த மாற்றம் என்ற செய்தி நிறுவனத்துடையது. விட்டுவிட்டேன். கருத்து வேறுபாடு உண்டா என்ற கேள்விக்கு மட்டும் ஆம் என்ற பதில் நிற்க வேண்டும் என்றேன். அது நின்றது. அந்த ஆண்டு தன் கையால் போன அறிவிப்புகளில் அந்தக் கேள்விக்கு ஆம் என்று போடப்பட்டது இது ஒன்றுதான் என்று செயலாளர் பிறகு என்னிடம் சொன்னார். பெருமையா புகாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அறிவிப்பு வெளியான மறுநாள் ஆங்கில நாளிதழ் ஒன்றின் வணிகப் பக்கத்து நிருபர் அழைத்தார். இளம் குரல், பணிவாகப் பேசினார். தாதியர் ஏற்பாடு என்றால் என்ன, ஆட்குறைப்பா, சம்பளமா என்று பல விதமாகக் கேட்டார். எழுதியிருப்பதற்கு மேல் சொல்வதற்கில்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். கடைசியில், உங்கள் தாயாரை அந்த இல்லத்தில் சேர்ப்பீர்களா என்று கேட்டார். என் அம்மா இறந்து பல வருடம் ஆகிறது என்றேன். அவர் வருத்தம் தெரிவித்துவிட்டு வைத்துவிட்டார். செய்தி சிறியதாக வந்தது. முன்னாள் இயக்குநர் மேற்கொண்டு கருத்துரைக்க மறுத்தார் என்று முடிந்திருந்தது.

பங்கு விலை கொஞ்சம் இறங்கி அடுத்த வாரமே ஏறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலைகளில் தேக்கா சந்தைக்குப் போவது என் வழக்கம். அங்கே என் பள்ளித் தோழி ஒருத்தியைப் பார்ப்பேன். அவளும் பாசிர் ரிஸ்ஸிலிருந்து அங்கேதான் மீன் வாங்க வருவாள். வேறெங்கே வாங்கினாலும் அவளுக்கு மனம் ஒப்பாது. அவள் கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும், தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். எங்கள் நிறுவனத்தின் கிழக்கு இல்லத்தில்தான் அவர் இருந்தார். நான் சபையில் சேர்வதற்கு முன்பே அங்கே சேர்ந்தவர்.

அந்த ஞாயிறு அவள் எனக்கு முன்பாகவே வந்து, சாப்பாட்டுக் கடைப் பக்கம் மேசை பிடித்து உட்கார்ந்திருந்தாள். தேத்தண்ணீர் வாங்கி வைத்திருந்தாள், எனக்கும் சேர்த்து.

“போர்டு விட்டுட்டியாமே. மகதான் போன்ல காமிச்சா. நீ சொல்லவே இல்ல.”

“எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியணும். அதான் யாருக்கும் சொல்லல.”

“நர்ஸ் விஷயம்னு போட்டிருக்கு. என்னா விஷயம்?”

“அதுக்கு மேல சொல்லக்கூடாது.”

“எங்கிட்டயா?”

“யார்கிட்டயும்.”

அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சீனி கரைந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

“சரி, காரணம் வேணாம். அவரை அங்கேருந்து எடுத்துடட்டா? ஆமா, இல்ல. அத மட்டும் சொல்லு.”

வழக்கறிஞன் சொன்னபோது ஒருவருக்கு மட்டும் தனியாக என்பதை நான் பங்குகளோடு சேர்த்துத்தான் நினைத்தேன். இப்போது அந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தாள். எடுத்துவிடு என்றால், அதே மாடியில் படுத்திருக்கும் மற்றவர்களின் மனைவிகளுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லாததை இவளுக்கு மட்டும் சொன்னதாகும். வேண்டாம் என்றால், நான் விலகியதற்கே அர்த்தமில்லை. அதோடு, எடுத்து எங்கே கொண்டுபோவாள்? வேறு இல்லங்களில் காத்திருப்போர் வரிசை. அவளுக்கோ முழங்கால் தேய்ந்திருக்கிறது, வீட்டில் வைத்துத் தூக்கிப் பார்க்க முடியாது.

“எடுன்னும் சொல்லல, எடுக்காதன்னும் சொல்லல. ஒரு இல்லம் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்றேன். இது எந்த இல்லத்துக்கும் உள்ளதுதான். வேலையில இருந்த காலத்துல எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்.”

சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் போய், ஊட்டும்போது எந்தக் கோணத்தில் உட்கார வைக்கிறார்கள் என்று பார். முதுகையும் குதிகாலையும் நீயே தொட்டுப் பார், சிவந்திருக்கிறதா என்று. எத்தனை மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்று கேள். இரவில் இந்த மாடிக்குப் பொறுப்பான தாதி யார், அவர் எங்கே இருப்பார், புரையேறினால் யார் வருவார்கள் என்று கேள். மருந்தை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், வெயிலுக்குக் கொண்டுபோகிறார்களா, பல் துலக்கிவிடுகிறார்களா. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னேன். எதையும் அழுத்திச் சொல்லவில்லை.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “வா, மீன் தீர்ந்துடும்” என்று எழுந்தாள்.

மறுநாள் வழக்கறிஞனிடம் நடந்ததைச் சொன்னேன். கேள்வி கேட்கச் சொல்வதில் தப்பில்லை என்றான். “ஆனா ஆன்ட்டி, போர்டுல இந்தப் பிரச்சனை வராம இருந்தாலும் அந்தப் புரையேறுற கேள்வியைச் சொல்லியிருப்பீங்களா?” என்றும் கேட்டான். எந்தக் காலத்திலும் அதை விட்டுவிட்டு நான் சொன்னதில்லை என்றேன். அப்படியென்றால் சரி என்றான். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும் போதும் என்றுதான் வைத்துக்கொண்டேன்.

வார நடுவில் தோழி அழைத்தாள். சிரிக்கிறாளா கத்துகிறாளா என்று தெரியாத குரலில் பேசினாள்.

“நீ வாயே திறக்க மாட்டேன்னுட்ட. அங்க மேனேஜர் தானா சொல்லிட்டாங்க லா! அடுத்த மாசத்துலேர்ந்து ராத்திரிக்கு ரெண்டு மாடிக்கு ஒரு நர்ஸாம். படுக்கைக்குக் கீழ மெஷினாம். ரொம்ப நல்ல மெஷினாம், எனக்குப் படம்லாம் காமிச்சாங்க.”

நான் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி சோபாவில் உட்கார்ந்தேன். ஒரு வாக்கியத்துக்காக எத்தனை மின்னஞ்சல், எத்தனை பேச்சு. இல்லத்தின் மேலாளரிடம் யாரும் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. அவர் அதை நல்ல செய்தியாகவே நினைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. தோழிக்கு வரவில்லை.

“இதுக்குத்தானே நீ விட்டுட்டு வந்த?”

“அவங்க சொன்னது சரியா தப்பான்னு நான் சொல்லக்கூடாது. ஆனா அப்படி ஒரு ஏற்பாடு நல்லதான்னு கேட்டா, நல்லது இல்லம்பேன். விழுங்கக் கஷ்டப்படுறவங்க இருக்கிற மாடியில ஒரு நர்ஸ் இருக்கணும்.”

“இத நாலு பேர் முன்னாடி வந்து சொல்லு. நாங்க மத்த வீட்டுக்காரங்களையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போடறோம்.”

போகமாட்டேன் என்றேன். முன்னாள் இயக்குநர் வந்து உட்கார்ந்தால் கூட்டம் அவளுடையதாக இருக்காது. நான் தூண்டிவிட்டதாகத்தான் பேசுவார்கள், அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் வராது. இதை நான் எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன். அவள் “உனக்கு உன் பேரு கெட்டுடக்கூடாது, அவ்வளவுதானே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பல ஞாயிறுகளில் சந்தைப் பக்கம் அவளைக் காணவில்லை. அவள் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கொஞ்சம் இருக்கலாம்.

குடும்பத்தினர் கூடினார்கள். நிர்வாகத்திடம் கேட்டார்கள். எனக்கு நிறுவனத்தின் வழக்கறிஞர்களிடமிருந்து ஒரு நினைவூட்டல் வந்தது, என் கடமைகள் தொடர்வதாக. தொடர்வது தெரியும் என்று பதில் எழுதினேன். டாக்டரும் அழைத்தார்.

“சிஸ்டர், எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாங்க. புரையேறினா யாரு வருவாங்கன்னு. போர்டுல நீங்க கேட்ட அதே வார்த்தை.”

“உங்க மேனேஜர்தான் திட்டத்தைச் சொல்லியிருக்காங்க, டாக்டர். நான் சொல்லல.”

“தெரியும். விசாரிச்சேன். ஆனா அந்தக் கேள்வி?”

“ஒரு இல்லத்துல என்னென்ன பார்க்கணும்னு ஒருத்தர் கேட்டாங்க. சொன்னேன். நீங்க கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.”

“எங்கிட்டதான் மூணு கூட்டமா சொன்னீங்களே” என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கிழக்கு இல்லத்தில் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். மாடிக்கு ஒரு தாதி என்பது அங்கே அப்படியே தொடர்ந்தது. மேற்கே, சுவா சூ காங் தாண்டி இருந்த இல்லத்தில் யாரும் கூட்டம் போடவில்லை. அங்கே இருப்பவர்களில் பலருக்குப் பார்க்க வருகிற குடும்பம் இல்லை. திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. நான் வெளியே வந்ததால் நடந்தது எது, நான் உள்ளே இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

தோழி ஒரு ஞாயிறு மீன்கடை வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். “வஞ்சிரம் இன்னைக்கு நல்லா இல்ல, வேற வாங்கு” என்றாள். அதோடு பேசத் தொடங்கிவிட்டோம். அவள் கணவர் அப்படியேதான் இருக்கிறார் என்றாள். அந்த வாரம் நானும் அவளோடு போய் அவரைப் பார்த்தேன். இரவுத் தாதியின் பெயரைக் குழறிக் குழறிச் சொன்னார். பிலிப்பீன்ஸ் பெண். தனக்குப் பாட்டு போடுவாள் என்றார்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது, போனது. நான் பங்கு எதுவும் வைத்திருக்கவில்லை, அதனால் போகவில்லை. சில மாதம் கழித்துச் சிராங்கூன் சாலை மண்டபம் ஒன்றில் ஒரு கல்யாண விருந்து. டாக்டரும் வந்திருந்தார், தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இளைத்திருந்தார்.

“பொதுக்கூட்டத்துல என்னைப் பத்திக் கேட்டாங்களா டாக்டர்?”

“ஒருத்தர் கேட்டார். கொள்கைப் பிடிப்பு உள்ளவங்கன்னு சொன்னேன். உட்கார்ந்துட்டார்.”

“நர்ஸ் விஷயம்?”

“யாரும் கேட்கல. டிவிடெண்ட் பத்திதான் பேசினாங்க.”

மேடையில் மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி இரைச்சலாக இருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்தார்.

“அந்த மேற்கு ஹோம்ல போன வாரம்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். “இல்ல. அதை உங்ககிட்ட சொல்லக்கூடாது சிஸ்டர். நீங்க இப்ப வெளியாள்.”

“சொல்லாதீங்க” என்றேன்.

அவர் தலையசைத்தார். என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் போல வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தபோது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. பரிமாறுகிறவர் வந்து பாயசம் வைத்தார். டாக்டருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இருந்தும் முழுவதையும் சாப்பிட்டார். நான் தடுக்கவில்லை.

அடுத்த மாதம் அந்த மேற்கு இல்லத்துக்குத் தாதியர் தேவை என்று இணையத்தில் விளம்பரம் வந்தது. ஒருவர் அல்ல, பலர் தேவைப்பட்டார்கள். நான் பயிற்சி கொடுத்தவர்களில் வேலை தேடிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு அதை அனுப்பினேன். ஒருத்தி, ரொம்ப தூரம் சிஸ்டர் என்று பதில் போட்டாள். இன்னொருத்தி விண்ணப்பித்தாள், வேலை கிடைத்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவாள், சில சமயம் பிள்ளைகளின் படங்கள் அனுப்புவாள். இல்லத்தைப் பற்றி நான் அவளிடம் எதுவும் கேட்பதில்லை.